அப்பா என்ற கிளாஸ்

சட்டப்படி, விவாகரத்தான தகப்பன் தன் பிள்ளையைப் பார்க்கலாம். ஆனால் பிள்ளை எழுதிய கேமுக்குள் மட்டும். ஞாயிறு பதினோரு மணிக்குள் புரோகிராம் ஓடாவிட்டால் அந்த வாரச் சந்திப்பு ரத்து.

மணி பத்து ஐம்பத்தேழு. தணிகைவேலின் ஸ்பீக்கரில் எட்டு வயது மகள் துவாரகா பதறினாள்.

"எர்ரர் வருதுப்பா. புரோகிராம்ல ஒரு ஆளுக்கு ஒரு கிளாஸ்தானே, அப்பாங்கிற பேர்ல ரெண்டு கிளாஸ் இருக்காம். நீங்க ஒண்ணு, வீட்ல இருக்கிற அப்பா ஒண்ணு."

"அவர் பேரை மாத்துடா."

"நாப்பது இடத்துல மாத்தணுமே! ஸ்கூல்ல விடுறாரு, தலை பின்னுறாரு... நீங்க வாசல்ல மட்டும்தான் வர்றீங்க."

நேரமில்லை.

"சரி, என்னை மாத்திடு. அங்கிள்னு போடு."

எர்ரர் போயிற்று. கேமில் கதவு திறந்தது. துவாரகாவின் சாயலில் ஓடி வந்த சிறுமி இரண்டடி தள்ளியே நின்றாள்.

"வாங்க அங்கிள். அப்பா உள்ள இருக்காரு, கூப்பிடுறேன்."