ஒத்துக்கொள்ளாத தோடு

கல்யாணமான மாதமே இளவரசியின் காதுகள் சிவந்து நீர் வடிந்தன. “தங்கம் போட்டுப் பழகாத காது,” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள் மாமியார் கோமளம். தங்கமென்று சொல்லி மருமகளுக்கு அவள் போட்டுவிட்ட தோடு கவரிங்.

இளவரசி தோல் டாக்டரிடம் போய் வந்தாள்.

“என்ன சொன்னாரு?” அவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள் கோமளம்.

“சோப்பு ஒத்துக்கலையாம் அத்தை.”

கோமளத்துக்கு மூச்சு வந்தது.

புண் ஆறிய பிறகு ஒரு மதியம், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள் கோமளம். இளவரசி தோட்டைக் கழுவித் துடைத்து, காதுக்குள் போகும் தண்டில் நிறமில்லாத நெயில் பாலிஷைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“இப்படிப் பூசிட்டா தோல்ல படாதுன்னு டாக்டர் சொன்னாரு. உங்க அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு வெறுங்காதோட போனா, எங்க தோடுன்னு உங்களத்தான கேப்பாங்க அத்தை.”

கோமளம் கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.