ஜப்பான் விளக்குத் திருட்டு

"எங்கப்பா ஜப்பான்லேருந்து கொண்டாந்த விளக்குய்யா! செம்பு மூடி, காகிதக் கூண்டு. இந்தக் கூலிக்காரன் குடிசைக்கு அது எப்படி வந்துச்சுன்னு கேளுங்க!" போலீஸ் ஸ்டேஷனே அதிரும்படி கத்தினார் பண்ணையார் பஞ்சநதம்.

திருடனென்று எதிரே நிறுத்தப்பட்டிருந்த மருதையன் அவரை முறைத்தான். கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்த மறுநாளே, பண்ணையாரின் ஆள் அந்தப் பழைய விளக்கை அவன் குடிசைக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"விளக்கு எங்க இருந்துச்சுங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் களத்து வீட்டுல. பூட்டை ஒடைச்சிருக்கான், திருட்டுப்பய!"

"கேஸ் எழுத அந்த வீட்டு ரசீது ஏதாவது வேணுமுங்க."

பண்ணையார் தடுப்பதற்குள், கூட வந்த கணக்குப்பிள்ளை நிலவரி கட்டிய கிஸ்தி ரசீதை நீட்டிவிட்டார். அதைப் படித்துவிட்டு இன்ஸ்பெக்டர் மருதையனை ஏற இறங்கப் பார்த்தார்.

"களத்து வீடு, சுத்தியுள்ள அஞ்சு ஏக்கர், எல்லாமே அரசப்பன் மகன் மருதையன் பேர்ல இருக்கே! தன் வீட்டுப் பூட்டை ஒடைச்சா திருட்டாங்க?"

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து, மருதையனுக்கே தெரியாமல் பண்ணையார் அவன் பேரில் எழுதிவைத்த பினாமிச் சொத்து அது.

"மருதையா, வெளிய வாப்பா, பேசிக்கலாம்" என்று குரலை இறக்கினார் பண்ணையார்.

மருதையன் மேஜையிலிருந்த விளக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"இதை நீங்களே வச்சுக்குங்க. நெலத்தை நான் வச்சுக்கிறேன்."