கொசுறாக வந்த கிளிப்

கரடி கார் எடுப்பதே மாதம் ஒரு தடவை, சந்தைக்குத்தான். ஆனால் மனைவிக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. வண்டி ஓட்டும்போது கூப்பிட்டால் கையை எடுக்காமல் பேச வழி வேண்டுமே!

கடைக்காரக் குரங்கு, நீல விளக்கு மின்னும் புளூடூத் கருவியை நீட்டியது. கரடி கத்தித் தீர்த்துப் பாதி விலைக்கு இறக்கியது. "கொசுறு எங்கடா?" என்று உறுமவும், காரில் போனை மாட்டும் கிளிப் ஒன்றைக் குரங்கு தூக்கிப் போட்டது.

அடுத்த சந்தை நாளில், பாதி வழியில் போன் அலறியது. வாங்கியதிலிருந்து சார்ஜே காணாத நீல விளக்கு செத்துக் கிடந்தது. கிளிப்பில் நின்ற போனை ஒரு தட்டுத் தட்டி ஸ்பீக்கரில் போட்டது கரடி.

"வலி எடுத்திருச்சு, நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க!"

ஆஸ்பத்திரியில் பிறந்த குட்டியைக் கொஞ்சிவிட்டுக் கரடி கடைக்குப் பாய்ந்தது. "கிளிப்பை ஏன்டா முதல்லயே காட்டலை?"

"காட்டியிருந்தா, அதை வாங்கிட்டு நீல விளக்கைக் கொசுறாக் கேட்டிருப்பீங்களே அண்ணே!"