வெற்றி நாற்காலி

தேர்தலில் ஜெயித்தவரை நாற்காலியோடு தூக்கிச் சந்தையை மூன்று சுற்றுச் சுற்றுவது எங்கள் ஊர் வழக்கம். நிலக்கிழார் ஆம்ப்ரோஸ் தர்ல்பி இப்போது குடியானவர்களின் தோள்மேல் ஆடிக்கொண்டிருக்கிறார். நாற்காலியில் கட்டிய நீல நாடாக்கள் காற்றில் படபடக்கின்றன. முரசு காதைப் பிளக்கிறது. அந்த உயரத்திலிருந்து அவருக்கு மட்டும் கூரைகளுக்கு அப்பால் குன்றின்மேல் தன் மாளிகை தெரிகிறது. பிரசவ வலியில் துடித்த மனைவியை அங்கே விட்டுவிட்டுத்தான் காலையில் வந்தார். அந்தி வெயிலில் சன்னல்களெல்லாம் தீயாய் எரிகின்றன. அவற்றில் ஒன்று அணைகிறது. பிறகு அடுத்தது. யாரோ உள்ளேயிருந்து கை நீட்டி, கண்ணாடிக்கு வெளியே உள்ள மரக் கதவுகளை வரிசையாகச் சாத்திக்கொண்டு வருகிறார்கள். சாவு விழுந்த வீட்டில் அப்படித்தான் சாத்துவார்கள்.

“இறக்கு ஜேபஸ்!” என்கிறார்.

நாற்காலியின் முன்காலைத் தாங்கியிருக்கும் கசாப்புக்கடை ஜேபஸ் அண்ணாந்து சிரிக்கிறான். “இப்பதான ஒரு சுத்து முடிஞ்சிருக்கு எசமான்! பாதியில இறங்குனா வீட்டுக்கு ஆகாது. ஜெயிச்சவரு மூஞ்சியா இது? கொஞ்சம் சிரிங்க!”

நாற்காலி திரும்புகிறது. மாளிகையில் எரிவதற்கு ஒரு சன்னலும் மீதமில்லை. தர்ல்பி மெல்லத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கிறார். தங்களுக்குத்தான் வணக்கம் சொல்கிறார் என்று சந்தையே ஆர்ப்பரிக்கிறது.