மூன்று வருஷத்து அலர்ஜி

“அந்த ஆளைச் சும்மா விடக் கூடாது டாக்டர்!” என்று மேஜையைத் தட்டினார் பெரியவர். தட்டிய கை அடுத்த நொடியே இடுப்பைச் சொறியப் போய்விட்டது.

தோல் நோய்ப் பிரிவின் இளம் பெண் டாக்டர் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கீழே வைத்தார். அதில் இருந்ததை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். தோலில் வரும் லிம்ஃபோமா. புற்றுநோயில் ஒரு வகை.

நாலு மணி நேரம் பஸ்ஸில் கூடவே வந்திருந்த மனைவி, மடியில் பையோடு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“மூணு வருஷமா அரிப்பு. ரத்தத்துல ஈசினோஃபில்ங்கிற வெள்ளையணு ஏறிக்கிட்டே போகுது. அந்த மேதாவி என்ன பண்ணினான் தெரியுமா? ஈசினோஃபில் ஜாஸ்தியா, அப்ப அலர்ஜின்னுட்டான். சோப்பை மாத்தியாச்சு. கம்பளியைத் தூக்கிப் போட்டாச்சு. பூனையைத் துரத்தியாச்சு. கடைசியில இவ பூசுற பவுடராலதான்னு சொல்லி அதையும் நிறுத்தியாச்சு!”

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சட்டையைக் கழட்டச் சொல்லிப் பார்த்தாரா?”

“எங்க? என் முதுகு எப்படி இருக்குன்னே அவனுக்குத் தெரியாது.”

“தோலைக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட்?”

“அரிப்புக்கெல்லாம் யாராவது கத்தி வைப்பாங்களான்னுட்டான்!”

டாக்டர் பெருமூச்சு விட்டார். “ஈசினோஃபில் மேல தப்பு இல்ல சார். வெள்ளையணுக்கள்ல டி செல்னு ஒண்ணு உண்டு, உடம்புக்குக் காவல்காரன் மாதிரி. அதுல சிலது கெட்டுப்போய் உங்க தோல்ல குடியேறியிருக்கு. அதுங்க கூப்பிடுறதாலதான் ஈசினோஃபில் கூட்டம் கூடுது. அவர் கூட்டத்தைத்தான் பார்த்திருக்கார். கூப்பிட்டது யாருன்னு தேடவே இல்ல.”

“அப்படிச் சொல்லுங்க! மடப்பய!” என்றவரின் குரல் திடீரென்று இறங்கியது. “நான்... பொழைச்சுக்குவேனா?”

“இன்னும் தோலைத் தாண்டிப் போகல. ஒளி சிகிச்சை இருக்கு, மருந்து இருக்கு. பயப்படாதீங்க. ஆனா ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்.”

அவர் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். மனைவியின் கை அவர் தோளுக்குப் போய், அங்கேயே நின்றது.

டாக்டர் பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டினார். எல்லாம் மருந்துக் கம்பெனிகள் இலவசமாகத் தரும் துண்டுத் தாள்கள். பெயர் இல்லை, கையெழுத்து இல்லை; கோழி கிளறியது போல நாலு வரி.

“இது என்ன மாத்திரைன்னே படிக்க முடியலையே?”

பெரியவர் கண்ணாடிகூடப் போடாமல் நாலு வரியையும் கடகடவென்று ஒப்பித்தார்.

இப்போது டாக்டருக்கும் கோபம் தலைக்கேறியது. இழுப்பறையிலிருந்து புகார்ப் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். “இன்னும் எத்தனை பேருக்கு இதே மாத்திரையை எழுதிக்கிட்டு இருக்காரோ! மெடிக்கல் கவுன்சிலுக்கு நானே அனுப்புறேன். பேரைச் சொல்லுங்க.”

பெரியவர் சொறிவதை நிறுத்தினார். தரையைப் பார்த்தார்.

“வேண்டாம் டாக்டர், விட்டுடுங்க. பாவம், அவருக்கும் வயசாச்சு. பேரு கெட்டுப்போயிடும்.”

இத்தனை நேரம் ‘அவன்’ ஆக இருந்த ஆள் எப்படி ‘அவர்’ ஆனார் என்று டாக்டருக்குப் புரியவில்லை. மனைவி பக்கம் திரும்பினார்.

“நீங்களாவது சொல்லுங்கம்மா. யார் அந்த டாக்டர்?”

அந்த அம்மாள் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

“எங்க ஊருக்கே தோல் டாக்டர் இவர்தாம்மா.”