பெட்டிக்குள் விரித்த துணி

செப்டம்பர் 9, செவ்வாய்.

இன்று ஒரு தப்பு செய்தேன். எங்கள் நாய் சுக்குவின் பயணப் பெட்டிக்குள் கிடந்த அக்காவின் பழைய நைட்டியைத் துவைத்துவிட்டேன்.

சும்மா அலசிப் போட்டிருந்தாலாவது பரவாயில்லை. டெட்டாலில் ஊறவைத்து, கும்மி, மாடியில் காயப்போட்டு, மடிப்பு கலையாமல் திரும்ப விரித்தேன்.

சுக்கு வந்து முகர்ந்தது.

தும்மியது.

என்னை ஒரு பார்வை பார்த்தது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"மகாராணிக்கு சோப்பு வாசனை ஆகலையாம்" என்றாள் அம்மா.

பெட்டியின் உள்கோடியில் கறித்துண்டு வைத்தேன். கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டது. பின்னங்கால்கள் வெளியிலேயே நின்றன.

சனிக்கிழமை சுக்குவுக்கு விமானம், வெளிநாட்டில் இருக்கும் அக்காவிடம் போக.

தோலுக்கடியில் அடையாளச் சிப் வைத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் வெறிநாய்க்கடி ஊசி. அந்த வரிசை மாறிவிடக் கூடாதென்று ஊசி போடும் அறை வாசல் வரை முணுமுணுத்துக்கொண்டே போனேன். ரத்தப் பரிசோதனை, உண்ணி மருந்து, எல்லாம் முடிந்தது. நாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதைத் துணிக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டது நான். என் கவனமே சில சமயம் என் காலை வாரிவிடுகிறது.

மீதி ஒன்றுதான். அதைச் சுக்குதான் செய்ய வேண்டும்.

"தானா உள்ள போய்ப் படுக்கணும்மா. தள்ளி அடைச்சீங்கன்னா கம்பியைக் கடிச்சு வாயைக் கிழிச்சுக்கும். அப்புறம் ஏத்த மாட்டாங்க" என்றிருந்தார் டாக்டர்.

நாங்கள் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்.

"அங்க இறங்கினதும் குவாரண்டைன்ல அந்தத் துணியை எடுத்து எரிச்சிருவாங்க. நல்ல துணியா வைக்காதீங்க."

அதனால்தான் நைட்டி. போன மாதம் முழுக்க அதன்மேல்தான் சுக்கு தூங்கியது.

மத்தியானம் அக்கா அழைத்தாள். கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனதிலிருந்து அவளுக்குப் பகலில் பேச ஆளில்லை. மாமா வேலைக்குப் போய்விடுவார். சுக்கு அவள் தெருவிலிருந்து தூக்கிவந்து வளர்த்த குட்டி.

மறைக்காமல் சொன்னேன்.

"டெட்டாலா? அடிப்பாவி! எனக்கே அந்த வாடை ஆகாதேடி!"

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"வந்துரும்ல?"

"வந்துரும்க்கா."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

மாலை வகுப்பில் கணக்கு ஒத்துவரவில்லை. எந்த இடத்தில் தவறினேன் என்றும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பெனிட்டா தன் தாளை என் பக்கம் நகர்த்திவைத்தாள். பார்த்தும் புரியவில்லை.

பேருந்திலிருந்து இறங்கினேன்.

பெட்டிக்கடை ஓரத்தில் சுக்கு உட்கார்ந்திருந்தது.

நான் மாலைக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அது அங்கே வந்து உட்காருகிறது. யாரும் பழக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் தாண்டி விளக்கில்லாத அந்த வளைவில் எனக்கு முன்னால் நடக்கும். நான் பின்தங்கினால் நிற்கும். இதற்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. நாயிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியாது.

இன்று கோபமாக இருக்கும் என்று நினைத்தேன். வாலை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தது.

வீட்டுக்கு வந்து துப்பட்டாவை நாற்காலியில் போட்டேன். பச்சைத் துப்பட்டா. கல்லூரியில் சேர்ந்தபோது அக்கா வாங்கித் தந்தது. என்னிடம் இருப்பதில் நல்லது அதுதான்.

முகம் கழுவிவிட்டு வந்தேன்.

நாற்காலி காலியாக இருந்தது.

பெட்டியின் வாசலில் பச்சையாக ஒரு முனை தொங்கியது. நைட்டி ஓரமாகச் சுருண்டு கிடந்தது. சுக்கு முழுசாக உள்ளே இருந்தது. மூக்கைத் துப்பட்டாவில் புதைத்திருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

கம்பிக் கதவை மெதுவாகச் சாத்தினேன். ஒரு கண்ணைத் திறந்தது. மூடிக்கொண்டது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏய், அது உன் நல்ல துப்பட்டாடி!"

"இருக்கட்டும்மா."

அந்த ஊர் போய்ச் சேரும்வரை என் வாசனை அதில் இருந்தால் போதும். அதற்கப்புறம் அக்கா இருக்கிறாள்.

நாளை: இதே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போக வேண்டும். துவைக்கக் கூடாது.