நீலம் மாறினால் மெட்ராஸ்

"தலையைக் குனி, சேவுகா. இன்னும் கொஞ்சம். தும்மித் தொலைச்சிடாதே."

சேவுகன் கட்டிலில் உட்கார்ந்தபடியே குனிந்தான். மூக்கு நுனியில் திரண்ட நீர் டாக்டர் பிடித்திருந்த கண்ணாடிக் குழாயில் சொட்டியது.

கிணறு வெட்டும்போது மேலிருந்து கல்வாளி விழுந்து சேவுகனின் மண்டை எலும்பு உள்ளே அமுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து அதைத் தூக்கி வைத்தவர் இந்த டாக்டர்தான். காயம் ஆறி வந்தது. தலைவலிதான் விடவில்லை. போதாததற்கு, இப்போது மூக்கில் வேறு நீர் வழிகிறது.

"சளிதானுங்களே?"

"சளின்னா பயமில்லே. கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கு. ஆனா மூளையைச் சுத்தி இருக்கிற தண்ணி கசிஞ்சு வந்தா ஆபத்து. அதுல சர்க்கரை இருக்கும். இந்த நீல மருந்தோட சேத்துக் காய்ச்சினா உடனே தெரிஞ்சுடும். நீலம் அப்படியே இருந்தா வீட்டுக்குப் போகலாம். நிறம் மாறினா, மெட்ராசுல இன்னொரு ஆபரேஷன்."

"பொழைச்சு வருவேனாங்க?"

டாக்டர் குழாயைக் கம்பவுண்டரிடம் நீட்டினார்.

"சண்டைக் காலத்துல ஸ்பிரிட்டு கெடைக்கிறதே பெரும்பாடு. ஒன் மூக்குக்காக எரிக்கிறேன், நல்ல கலராக் காட்டுப்பா" என்றபடி கம்பவுண்டர் விளக்கைப் பற்ற வைத்தார்.

நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

சேவுகனின் மனைவி சொர்ணம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"ராத்திரி ரயிலுக்கு ஏற்பாடு பண்றேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தார்.

சேவுகனின் கண் வராந்தாப் பக்கம் போனது. அங்கே இடுப்பில் கைக்குழந்தையோடு அழகி நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குக் கல்வாளிக் கயிற்றைக் கைநழுவ விட்ட வீரய்யாவின் பெண்டாட்டி. ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து அவளுக்கு அந்த வராந்தாதான் வீடு.

"புருசனைப் போலீசுல மாட்டி விட்றாதீகன்னு காலைப் பிடிக்கக் காத்துக் கெடக்கா. அங்கிட்டுப் போகச் சொல்லு."

"அவ அப்படி ஒண்ணும் கேக்கலைங்க."

"கேக்காம வேற எதுக்குடி இங்க கெடக்கா? சாகப் போறவனை வேடிக்கை பாக்கவா?"

சொர்ணம் வாயைத் திறந்தாள். என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். சேவுகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் வந்தார். "அனுப்புறதுக்கு முந்தி இன்னொரு தடவை பாத்துடுவோம்."

மறுபடியும் குனிந்தான். மறுபடியும் விளக்கு எரிந்தது. குழாயில் மருந்து கொதித்தது, நுரைத்தது. நீலம் மட்டும் அசையவே இல்லை. கம்பவுண்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்போதும் நீலம்தான்.

டாக்டரின் நெற்றி சுருங்கியது. "மூளைத் தண்ணின்னாகூட காலையில பாத்த அளவுக்குச் செவக்காதே! ஏம்மா, மூக்குல ஏதாவது மருந்து விட்டியா?"

"ஐயையோ! வெளி மருந்து கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. விடலைங்க."

"தேன்? எண்ணெய்? எலைச் சாறு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

"எதுவுமே விடலையா?"

சொர்ணம் தரையைப் பார்த்தாள். "மருந்து இல்லைங்க. தலைவலின்னா எல்லாரும் விடுறதுதான். விடியக்காலம் இவுக அசந்து தூங்கையில, ரெண்டு சொட்டுத் தாய்ப்பால்..."

கம்பவுண்டர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"பால்லயும் சர்க்கரை இருக்கும்மா!" டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "ரயிலும் வேணாம், மெட்ராசும் வேணாம். இது வெறும் சளி. இனிமே பால் ஒரு சொட்டு விடக்கூடாது, ஆமா!"

சேவுகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது.

"ஏன்டி, நம்ம கடைசிப் பயலே ஆடு மேய்க்கப் போறான். ஒனக்கு ஏது தாய்ப்பாலு?"

"எனக்கு ஏதுங்க? அந்த வராந்தாவுல கெடக்குறாளே, அவ குடுத்ததுதான்" என்றாள் சொர்ணம். "தெனம் மொதல்ல ஒங்களுக்குப் பீச்சிக் குடுத்துட்டு, அப்புறந்தான் புள்ளைக்கே குடுத்தா."